பச்சைப் புள்ளி எரிந்த நான்கு நாட்கள்

தம்பி,

கடை திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. ராணி அக்கா ஒன்பதரைக்குத்தான் வருவார். பின்னால் குளிர் அறை உறுமுகிறது. நீ வைத்துவிட்டுப் போன போனுக்கு முன்னால் அந்தச் சின்ன விசிறி சுற்றுகிறது. வேறு சத்தம் இல்லை. இருபத்தைந்து வருடமாக நான் எழுதியதெல்லாம் சரக்குப் பட்டியல்தான். கடிதம் எழுதுகிற கை எனக்கு விட்டுப்போய்விட்டது. சுற்றிச் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொண்டு வாசி. உன் கல்யாணத்துக்குப் பத்து வாரம் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஒரு தாயும் மகனும் ஆறுதலாக இருந்து கதைத்ததை நான் எங்கும் கண்டதில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இரண்டு பேர் கடைக்கு வந்து நின்றார்கள். தனி ஒரு பெண்ணாக ஒஸ்லோவில், இந்த ஹவுகன்ஸ்டுவாவில் மரக்கறிக் கடை போட்டு நிமிர்ந்தது எப்படி என்று எழுத வேண்டுமாம். அதில் எழுத என்ன இருக்கிறது? விடிய எழும்ப வேண்டும், அழுகினதை எடுத்து வீச வேண்டும், அழுகாததை அழுகுவதற்கு முன் விற்க வேண்டும். அவ்வளவுதான். வேறொன்று எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த வேறொன்று இதுதான். நீ வாசித்துவிட்டு வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த நாட்டில் என்னைப் போலத் தாய்மாரும் உன்னைப் போலப் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதையும் யோசித்துக்கொள்.

நீ வடக்கே ட்ரொம்சோவுக்கு வேலைக்குப் போன அன்று உன்னிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. விமானத்துக்கு நான்கு மணி நேரம் இருக்கும்போது கடைக்கு வந்தாய். மூலை வெடித்த உன் பழைய போனையும், ஏதோ செத்த கணினியிலிருந்து கழற்றிய விசிறியையும் எடுத்துக் காசு மேசைக்குப் பின்னால் உள்ள தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். "சுவாமிக்கு விசிறி இல்லை, போனுக்கு விசிறி" என்று ராணி அக்கா சொன்னார். நான் வியாபாரி. எனக்கு வந்த முதல் கேள்வி வேறு.

"இதிலை என்ன ஓடுது?"

"பிட்கொயின் நோட் அம்மா."

"அப்ப காசு வருமோ?"

"ஒரு சதமும் வராது."

"பிறகேன் ஓடுது?"

"சரிபார்க்கிறதுக்கு."

விளங்கப்படுத்தினாய். உலகத்தில் யாரோ யாருக்கோ அனுப்புகிற பிட்கொயின் என்ற கணினிக் காசு எல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு பக்கமாகச் சேர்ந்து வருமாம். இந்தப் போன் அந்தப் பக்கத்தை வாங்கி, ஒவ்வொரு வரியையும் தானே சரிபார்த்து, சரி என்றால் மட்டும் ஏற்று அடுத்தவனுக்குக் கொடுக்குமாம். பிழை என்றால் அனுப்பியவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வீசிவிடுமாம். இப்படி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாம், ஒவ்வொன்றும் ஒரு நோட். நல்ல கணினி செய்கிற அந்த வேலையை வீச வேண்டிய ஒரு போன் செய்யுமா என்று பார்ப்பதுதான் உனக்கு ஆசை. அது செய்தது. முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்து வர ஐந்து வாரம் எடுத்தது. அந்த ஐந்து வாரமும் தொட்டால் சுட்டது. ராணி அக்கா குளிர் அறையில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைப்போம் என்றார்; நீ அங்கிருந்து பதறிக்கொண்டு வேண்டாம், உள்ளே தண்ணீர் பிடித்துவிடும் என்றாய். அவ்வளவு பக்கங்களையும் இந்தச் சின்னப் போனில் எங்கே அடுக்குவாய் என்று கேட்டேன். "அடுக்கிறேல்லை அம்மா. சரிபார்த்து முடிஞ்ச பழசை அழிச்சுப்போடும். கடைசிப் பக்கங்களை மட்டும்தான் வைச்சிருக்கும்" என்றாய். நீ சொன்னவற்றில் அந்த ஒன்று மட்டும் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நானும் கடையை அப்படித்தான் நடத்துகிறேன்.

வாசலில் நின்று கடைசியாக ஒன்று சொன்னாய், சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்: "அங்கை எனக்கு இது ஒரு பச்சைப் புள்ளியாத் தெரியும். பச்சை எரிஞ்சா கடை திறந்திருக்கு, நீங்களும் நல்லா இருக்கிறீங்கள்." நானும் சிரித்தேன். அப்போது இரண்டு பேருமே அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு நீ மூன்று வாரத்துக்கு ஒருமுறை அழைத்தாய். ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிடம். உன் குரலுக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். நான் குறை சொல்லவில்லை. உன் வயதில் நான் என் வீட்டாருக்கு எடுத்த அழைப்புகளும் அப்படித்தான், ஒரு கை தொலைபேசி அட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கும், மனம் அடுத்த வேலைக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ராணி அக்கா தேங்காய் துருவுகிற மெஷினுக்கு இடம் தேடி றூட்டரின் வயரைக் கழற்றிவிட்டார். அவர் என்னோடு பத்தொன்பது வருடமாக நிற்கிறார், அவருக்கு எந்த வயரும் தேவையில்லாத வயர்தான். அரை மணி நேரத்தில் நீ அழைத்தாய். கடையில் ஏதும் பிரச்சினையா, நான் சுகமா என்று கேட்டாய். வயர் விஷயம் தெரிந்ததும் வைத்துவிடுவாய் என்று நினைத்தேன், நீ வைக்கவில்லை. என் முழங்காலைக் கேட்டாய். கடை வாசல் பனியை யார் வழிக்கிறார்கள் என்று கேட்டாய். இருபத்தைந்து நிமிடம். அன்றுதான் முதன்முதலாக வித்யா என்ற பெயரை என்னிடம் சொன்னாய். கோயம்புத்தூர்ப் பிள்ளை, உன் வேலையிடத்தில் இருக்கிறாள், நீ "கதைக்கிறது" என்றால் சிரிக்கிறாள் என்றாய்.

சரக்கு எங்கே கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் நான் சும்மா இருக்கிறவள் இல்லை. அடுத்த தடவை நானே போனைக் கையில் எடுத்து, நீ காட்டித் தந்த இடத்தில் அழுத்தி, அதை நிறுத்தினேன். நாற்பது நிமிடத்தில் அழைத்தாய். கரண்ட் போய்விட்டது என்றேன். அடுத்த வாரமே தபாலில் ஒரு பெட்டி வந்தது, கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரம் தாங்குமாம். அதில் "தொட வேண்டாம்" என்று தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் எழுதி ஒட்டி அனுப்பியிருந்தாய். அதற்குப் பிறகும் நிறுத்தினேன். அடிக்கடி இல்லை. அளவாக, மாதம் இரண்டு தரம், நாளை மாற்றி மாற்றி. ஒரு தரம் எலி என்றேன். ஒரு தரம் மேல்மாடியில் யாரோ வேலை செய்கிறார்கள் என்றேன். பாவம், ராணி அக்காவின் தலையில்தான் கனக்கப் போட்டேன். நீ முதல் பெட்டிக்குப் பிறகு வேறு எதையும் அனுப்பவில்லை. எலிக்குப் பொறி அனுப்பவில்லை, வயருக்குப் பூட்டு அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தே வாழைக்காய் வாங்குவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுகிற எனக்கு அது ஓடவில்லை.

இங்கே உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது என் ஐயா, உன் தாத்தா, கொழும்பில் அண்ணன் வீட்டில் இருந்தார், வைத்தியத்துக்கு என்று கூட்டிவந்து வைத்திருந்தான். நான் ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பேன். "ஐயா இப்பதான் சாப்பிட்டிட்டுப் படுத்தவர்" என்பான் அண்ணன். அடுத்த ஞாயிறு, "ஐயா கோயிலுக்குப் போட்டார்." ஒருநாள், "ஐயாவுக்குக் காது கேக்கிறேல்லை, நான் சொல்லிவிடுறன்." ஐந்து ஞாயிறு இப்படிப் போயிற்று. ஆறாவது வாரம் ஸ்டோவ்னருக்கு வருகிற டி-பானா ரயிலில் தெரிந்த ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் வந்திருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஐயாவின் விஷயம் கேள்விப்பட்டேன், இந்த நிலையில் நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். பெட்டியில் நோர்வேக்காரர் நிறைந்திருந்தார்கள். நான் அழவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எந்த நிறுத்தம் என்று தெரியாமல் நின்றேன். அண்ணனிடம் கேட்டதற்கு, "உன்ர நன்மைக்குத்தான் தங்கச்சி, பிள்ளைத்தாய்ச்சி" என்றான். ஒரு வருடம் அவனோடு பேசவில்லை. நான் தாங்க மாட்டேன் என்று அவன் எனக்காக முடிவெடுத்துவிட்டான். என் ஐயாவுக்கு அழுகிற நாற்பது நாட்களை என்னிடமிருந்து எடுத்துவிட்டான். அப்போது நாங்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். அங்கே இருந்து "நாங்கள் சுகம்" வரும், இங்கே இருந்து "நாங்களும் சுகம்" போகும். இரண்டு பக்கத்திலும் யாரும் சுகமாக இல்லை.

இவ்வளவு பட்டவள் திருந்தியிருக்க வேண்டும். நான் திருந்தவில்லை. உன் அப்பா எங்களை விட்டுப் போனபோது உனக்கு ஒன்பது வயது. வேலைக்குத் தூரத்தில், ஸ்டவாங்கர் போயிருக்கிறார் என்று சொன்னேன். நீ பள்ளிக்கூடத்தில் அங்கே கடலில் எண்ணெய் எடுக்கிற மேடை ஒன்றைப் படமாகக் கீறி, அதில் அப்பா நிற்பதாகக் கீறினாய். ஏழு மாதம் கழித்து உன் வகுப்புப் பிள்ளை ஒருவன், பியோர்ண்டாலில் உன் அப்பாவைக் கண்டேன், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார் என்று சொல்லிவிட்டான். இந்த நகரத்தின் மறு பக்கத்தில், ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில்தான் அவர் இருந்தார். நீ வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாய், கோப்பையைக் கழுவி வைத்தாய், அறைக்குள் போனாய். நீ கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். யார் வாய்ச்சொல்லையும் நம்பாமல் எல்லாவற்றையும் தானே சரிபார்க்கிற ஒரு பொருளின் மேல் உனக்கு ஏன் அவ்வளவு விருப்பம் என்று எனக்கு இப்போது ஒரு எண்ணம் உண்டு. பிழையாகவும் இருக்கலாம். நீ சொன்னால்தான் தெரியும்.

இனிக் கடந்த மாசிக்கு வருகிறேன். வியாழக்கிழமை, விமானத்தில் மரக்கறி வந்திறங்குகிற நாள். முருங்கைக்காய்ப் பெட்டியைத் தூக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ காலை வைத்து ஏறி நின்றதுபோல இருந்தது. ராணி அக்கா அம்புலன்ஸை அழைத்தார். வந்தவர்கள் என்னைப் படுக்கையோடு தூக்கும்போது நான் அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். சரக்கு வந்ததென்று எல்லாருக்கும் வழக்கம்போலச் செய்தி அனுப்புங்கோ என்பது ஒன்று. மற்றது, "அந்தப் போனை மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ அக்கா. தம்பிக்குத் தெரியக் கூடாது." அவர் கேட்டார், இவ்வளவு நாளும் நீயேதானே நிப்பாட்டிக்கொண்டிருந்தனீ என்று. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காரணம் என்னிடம் இருந்தது. காரணம் எப்போதும் இருக்கும். வித்யாவின் தாய் தகப்பன் கோயம்புத்தூரிலிருந்து முதல் தடவையாக உன்னைப் பார்க்க வருகிற வாரம் அது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு ஓடித் திரிகிற நேரத்தில் அவர்கள் வந்திறங்குவதா? இரண்டு நாளில் எழும்பிவிடுவேன், பிறகு சிரித்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை இதயத்துக்குப் போகிற இரத்தக் குழாய் ஒன்றைத் திறந்து சின்ன வலைபோல ஒன்றை வைத்தார்கள். சனி, ஞாயிறு படுக்கையிலேயே கிடந்தேன். ராணி அக்கா தினமும் கடையைத் திறந்து, விசிறியைப் பார்த்து, புள்ளி பச்சை என்று எனக்குச் சொல்வார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, தம்பி. அதைத்தான் இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை வித்யா தன் பெற்றோரை விமான நிலையத்தில் எடுக்க ஒஸ்லோவுக்கு வந்தவள், நேரம் இருந்ததால் எனக்குச் சொல்லாமல் கடைக்கு வந்துவிட்டாள். என்னைக் கண்டு மகிழ்விக்க வந்த பிள்ளை. என் கதிரை வெறுமையாக இருந்தது. ராணி அக்காவுக்குப் பொய் சொல்லப் பழக்கம் இல்லை, அவருக்கு வாய் உளறிவிட்டது. வித்யா அதிலேயே நின்றபடி உன்னை அழைத்தாளாம். "உங்க அம்மா நாலு நாளா ஆஸ்பத்திரில இருக்காங்க. இங்க உங்க போன் மட்டும் நல்லா ஓடிட்டு இருக்கு" என்றாளாம். பிறகு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் சம்பந்திகளை முதன்முதலாகப் பார்த்தது பின்னால் கட்டுகிற அந்த ஆஸ்பத்திரிச் சட்டையோடுதான். வித்யாவின் அம்மா ஒன்றும் கேட்காமல் சீப்பை எடுத்து என் தலையை வாரிப் பின்னினார். "சொந்தம்னு ஆயிட்டா இதையெல்லாம் மறைக்கக் கூடாதுங்க" என்று பின்னிக்கொண்டே சொன்னார். நான் ஓம் என்றேன்.

நீ மாலை விமானத்தில் வந்து சேர்ந்தாய். மேலங்கியைக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாய். நான் முந்திக்கொண்டு, உன் போனை நிறுத்தி நிறுத்தி விளையாடியதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தொடங்கினேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"அது எனக்கு அந்தப் பெட்டி அனுப்பினதிலை இருந்தே தெரியும்."

"என்ன தெரியும்?"

"றூட்டர் நிண்டா நோட் தன்ரபாட்டிலை ஓடிக்கொண்டுதான் இருக்கும், கதைக்க ஆள் இல்லாமல். ஆரும் கையாலை நிப்பாட்டினா மட்டும்தான் வடிவா மூடிப்போட்டு நிக்கும். ரெண்டையும் வேற வேறயா எழுதி வைச்சிருக்கும் அம்மா."

"தெரிஞ்சுகொண்டு ஏன் எடுத்தனீ?"

"நீங்கள் கூப்பிடுறீங்கள் எண்டு எடுத்தன்."

நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாய்: "நிப்பாட்டினது பொய்யில்லை. இந்த நாலு நாளும் பச்சையா வைச்சிருந்தீங்கள் பாருங்கோ, அதுதான் பொய்." அடுத்த நாள் பின்னேரம் வரை இருந்தாய். மாத்திரை வாங்கி வைத்தாய், மருத்துவரோடு நீயே கதைத்தாய். என்னோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னைக் களைக்க வைக்கிறது. நீ இப்போது முன்னைவிட அதிகமாக அழைக்கிறாய், வாரம் இரண்டு தரம். சுகமா என்று கேட்கிறாய். சுகம் என்கிறேன். சரி என்று வைத்துவிட்டு ராணி அக்காவை அழைத்து நான் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்கிறாய். அவர் பாவம், எனக்கு முன்னாலேயே நின்று பதில் சொல்கிறார். என் குடும்ப மருத்துவர் தந்த பேப்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறாய். மருந்துக் கடைக்கு நான் போனேனா என்று அந்தக் கடைக்குப் பக்கத்தில் வேலை செய்கிற உன் சிநேகிதனிடம் விசாரிக்கிறாய். என்னைச் சுற்றி மூன்று நோட்களை வைத்திருக்கிறாய். நான் சொல்வதை அவர்கள் சரி என்றால்தான் நீ ஏற்றுக்கொள்கிறாய். பிழை உன்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். அழுகின சரக்கை ஒரு தரம் நல்லது என்று விற்றவளிடம் அடுத்த தரம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆனாலும் சொல்கிறேன், என் சொல்லை என் மகன் எடுக்கிறான் இல்லை என்பது நெஞ்சில் வைத்த வலையைவிடக் கனமாக இருக்கிறது. நான் இந்த நாட்டில் ஒன்றுமில்லாமல் தொடங்கியபோது என்னிடம் இருந்தது வாய்ச்சொல் ஒன்றுதான். வியாழன் வரும் என்றால் வியாழன் வரும். அதை ஊரில் உள்ள எல்லாரிடமும் காப்பாற்றி, வீட்டுக்குள் இழந்துவிட்டேன்.

கல்யாணம் செய்யப் போகிறவனுக்குப் புத்தி சொல்லாமல் எந்தத் தாயும் கடிதத்தை முடித்ததில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். வித்யாவுக்குப் பச்சைப் புள்ளி வைக்காதே. அவள் எங்கே நிற்கிறாள், என்ன செய்கிறாள் என்று உன் போனில் தெரியலாம். எப்படி இருக்கிறாள் என்று அதில் தெரியாது. அவள் "ஒண்ணுமில்ல" என்பாள், நீ "ஒண்டுமில்லை" என்பாய். கோயம்புத்தூரிலிருந்து வந்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் அது ஒரே பொய்தான். சொன்னவுடன் எழும்பிப் போய்விடாதே, பக்கத்தில் இருந்து இரண்டாம் தரம் கேள். அவளுடைய நன்மைக்கு என்று நினைத்து எதையும் மறைக்காதே. மறைப்பது என்பது அவளுக்கும் சேர்த்து நீயே முடிவெடுப்பது. என் அண்ணன் எனக்கு அதைச் செய்தான். நான் உனக்கு இரண்டு தரம் செய்தேன். உன்னோடு இது நிற்கட்டும். அவளுடைய அம்மாவையும் நேரம் கிடைக்கும்போது அழைத்துப் பேசு, தலை வாரிவிட்ட கையை நான் மறக்க மாட்டேன்.

இனி இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து தபால் வந்தது. இன்னும் இரண்டு குழாய்கள் அடைத்திருக்கின்றனவாம், வலை வைத்துச் சரிவராதாம், நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டுமாம். இன்றிலிருந்து மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. இந்தச் சிகிச்சை இங்கே தினமும் நடக்கிறது, பெரும்பாலானவர்கள் எழும்பி நடக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வசனத்தை எழுதுவதற்கு முன் எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கல்யாணத்தைத் தள்ளிப் போடுவதா, அப்படியே வைப்பதா என்று நான் சொல்லப் போவதில்லை. நீயும் வித்யாவும் கதைத்து முடிவெடுங்கள். எதுவென்றாலும் நான் வருவேன், கதிரையில் இருந்தபடி என்றாலும் வருவேன். கடையை விற்பதா வைத்திருப்பதா என்று எனக்கே இன்னும் தெரியாது. தெரிந்தால் முதலில் உனக்குச் சொல்வேன். இந்தத் தபால் விஷயம் ராணி அக்காவுக்குக்கூடத் தெரியாது. நீ விசாரிக்கிறவர்களில் யாருக்கும் தெரியாது. நீ யாரிடம் விசாரித்தாலும் சரி என்றோ பிழை என்றோ சொல்ல இப்போது ஆள் இல்லை. என் வாயிலிருந்து முதலில் உனக்குத்தான் வருகிறது. இப்படி ஒன்றை நான் உனக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை.

பழைய பக்கங்களை எல்லாம் நீ சரிபார்த்துவிட்டாய். ஸ்டவாங்கர், எலி, மேல்மாடி வேலை, மாசி மாதத்து நான்கு நாட்கள், எல்லாம் பிழை என்று கண்டுபிடித்துவிட்டாய், நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். முடிந்ததை உன் போன் அழித்துவிடும் என்று சொன்னாயே. உன்னால் முடியுமானால் நீயும் அப்படிச் செய். இந்தப் பக்கத்தை மட்டும் வைத்திரு.

போனின் முதுகு உப்பிவிட்டது, பற்றரி வீங்கி மூடியைத் தள்ளுகிறது. ராணி அக்கா அதற்குப் பக்கத்தில் போகவே பயப்படுகிறார். இரண்டரை வருடம் ஒரு சதமும் வாங்காமல் உழைத்துவிட்டது, அதற்கும் ஓய்வு வேண்டும். இந்தத் தாள்களை என் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, நீ காட்டித் தந்த இடத்தில் அழுத்தி, ஒழுங்காக மூடி நிறுத்தப் போகிறேன். பிறகு ஸ்டோவ்னர் சென்டரில் பழைய போன் வாங்குகிற பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவேன். உனக்கு அங்கே பச்சைப் புள்ளி அணையும். கரண்ட் போகவில்லை. றூட்டர் நன்றாக இருக்கிறது. எலி இல்லை. நான்தான் நிறுத்தினேன், ஏனென்று உனக்குத் தெரியும்.

இன்று செவ்வாய்க்கிழமை. சரக்கு வருகிற நாள் இல்லை, கடையில் கூட்டமும் இருக்காது. நாள் முழுக்க இந்தக் கதிரையில்தான் இருப்பேன். ராணி அக்காவைக் கேட்காதே. என்னைக் கேள்.

அம்மா